எஃப்டிபி, எஸ்எஃப்டிபி பயனரை ஹோம் டைரக்டரிக்குள் நிறுத்துதல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

எஃப்டிபி, எஸ்எஃப்டிபி (சர்வருக்குக் கோப்பு அனுப்பவும் எடுக்கவும் உதவும் இரண்டு முறைகள்) வழியே வரும் பயனரை அவருடைய ஹோம் டைரக்டரிக்குள் (அவருக்கென்று ஒதுக்கிய கோப்புறை) நிறுத்த, அமைப்புக் கோப்பில் இரண்டு மூன்று வரி போதும். அதைப் போட்ட மறுநிமிடம் லாகின் ஆகாமல் போவதும், லாகின் ஆகியும் கோப்பு ஏறாமல் போவதும், எல்லாம் சரி என்று நினைத்த பிறகு பயனர் சர்வரின் அமைப்புக் கோப்புகள் உள்ள /இடிசி வரை உலாவுவதும்தான் தொல்லை. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே: பயனரை அடைக்கும் டைரக்டரி அந்தப் பயனருக்கே சொந்தமாக இருக்கிறது. சிஎச்ரூட் ஆகும் (அதாவது பயனருக்கு அதற்கு மேல் எதுவும் தெரியாதபடி அடைக்கும்) டைரக்டரி, முழு உரிமையுள்ள நிர்வாகியான ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்; பயனர் எழுதும் இடம் அதற்குள் இன்னொரு டைரக்டரியாக இருக்க வேண்டும். இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டால் கீழே உள்ளதில் பாதி வரவே வராது.

கட்டளை, கோப்புப் பெயர், அமைப்பு வரி எல்லாம் இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் உள்ளன. தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். சாய்கோடு, அடிக்கோடு, சமக்குறி, எண் எல்லாம் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கின்றன. எடுத்துக்காட்டுப் பயனரின் பெயர் முத்து.

முதலில்: எந்த சர்வர் பதில் சொல்கிறது?

அறிகுறியைத் தேடுவதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ளுங்கள். எஃப்டிபியும் எஸ்எஃப்டிபியும் வெவ்வேறு சர்வர்கள். போர்ட் 21-இல் இருப்பது விஎஸ்எஃப்டிபிடி, ப்ரோஎஃப்டிபிடி, ப்யூர்எஃப்டிபிடி போன்ற ஒன்று. போர்ட் 22-இல் இருப்பது எஸ்எஸ்எச்டி. ஒன்றில் போட்ட பூட்டு மற்றொன்றுக்குப் பொருந்தாது. ரூட்டாக இருந்து

எஸ்எஸ் -டிஎல்என்பி

என்று தட்டினால் எந்த போர்ட்டில் எந்த நிரல் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியும்.

அடுத்தது லாக். கிளையன்ட் காட்டும் செய்தி பெரும்பாலும் பயனற்றது. காரணம் சர்வர் லாகில்தான் இருக்கும். எஸ்எஸ்எச்டிக்கு டெபியன், உபுண்டு வகையில் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட்ஹாட் வகையில் /வார்/லாக்/செக்யூர். கோப்பு இல்லையென்றால் ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்எச் (ரெட்ஹாட்டில் எஸ்எஸ்எச்டி). விஎஸ்எஃப்டிபிடிக்கு /வார்/லாக்/விஎஸ்எஃப்டிபிடி.லாக். அதில் ஒவ்வொரு எஃப்டிபி கட்டளையும் பதிலும் பதிவாக வேண்டுமானால் லாக்_எஃப்டிபி_ப்ரோட்டோகால்=யெஸ் போடுங்கள்; கூடவே எக்ஸ்ஃபர்லாக்_எஸ்டிடி_ஃபார்மட்=நோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வரிக்குப் பலன் இல்லை. இன்னொரு ஜன்னலில் டெய்ல் -எஃப் ஓடவிட்டுவிட்டு லாகின் செய்து பாருங்கள்.

அறிகுறி: அடைத்த பிறகும் பயனர் சர்வர் முழுவதும் உலாவுகிறார்

கிளையன்டில் "/" என்று தெரிவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிஎச்ரூட் சரியாக ஆகியிருந்தாலும் பயனருக்குத் தன் டைரக்டரி "/" என்றுதான் தெரியும். அங்கே இடிசி, வார், யூஎஸ்ஆர் ஆகியவை தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால்தான் பூட்டு விழவில்லை.

மிக அடிக்கடி காணும் காரணம், எஃப்டிபியைப் பூட்டிவிட்டு எஸ்எஃப்டிபியைத் திறந்து வைத்திருப்பது. அதே பெயர், அதே பாஸ்வேர்டுடன் ஃபைல்ஜில்லாவில் போர்ட் 22 என்று மாற்றினால் முத்து நேராக எஸ்எஸ்எச்டி வழியே உள்ளே வந்துவிடுவார். ஷெல்லை (கட்டளைகளை ஏற்கும் நிரல்) நோலாகின் (யாரையும் உள்ளே விடாத ஷெல்) ஆக்கியதால் இந்த வழி அடைந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. எஸ்எஸ்எச்டியின் அமைப்புக் கோப்பில் சப்சிஸ்டம் வரியில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி இருந்தால் அது எஸ்எஸ்எச்டிக்குள்ளேயே ஓடுகிறது, பயனரின் ஷெல்லைக் கூப்பிடுவதே இல்லை. நோலாகின் பயனரும் அதில் தாராளமாக உலாவலாம். எஃப்டிபி மட்டும் போதும் என்றால் எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக் கோப்பில் டினைகுரூப்ஸ் வரியில் அந்தக் குழுவைச் சேருங்கள். எஸ்எஃப்டிபியும் வேண்டும் என்றால் கீழே வரும் மேட்ச் தொகுதியை (குறிப்பிட்ட பயனர் அல்லது குழுவுக்கு மட்டும் பொருந்தும் வரிகள்) போடுங்கள்.

விஎஸ்எஃப்டிபிடியில் அடுத்த காரணம் பட்டியல் தலைகீழாவது. சிஎச்ரூட்_லோக்கல்_யூசர்=யெஸ் மட்டும் இருந்தால் எல்லா உள்ளூர்ப் பயனரும் அடைபடுவார்கள். அதோடு சிஎச்ரூட்_லிஸ்ட்_எனேபிள்=யெஸ் சேர்ந்தால், பட்டியலில் இருப்பவர்கள் அடைபடாதவர்கள் ஆகிவிடுகிறார்கள். முதல் வரி நோ என்றும் இரண்டாவது யெஸ் என்றும் இருந்தால் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் அடைபடுவார்கள். அதாவது ஒரே கோப்பு முதல் வரியைப் பொறுத்து நேர் எதிர்ப் பொருள் கொள்கிறது. "பூட்ட வேண்டியவர்கள்" என்று நினைத்து முத்துவின் பெயரைச் சேர்த்திருந்தால், அவரை மட்டும் நீங்களே திறந்துவிட்டிருக்கிறீர்கள். விதிவிலக்கு யாருக்கும் தேவையில்லை என்றால் இரண்டாவது வரியை எடுத்தே விடுங்கள்.

திருத்திய கோப்பு சரியானதுதானா என்பதையும் பாருங்கள். டெபியன் வகையில் /இடிசி/விஎஸ்எஃப்டிபிடி.கான்ஃப்; ரெட்ஹாட் வகையில் /இடிசி/விஎஸ்எஃப்டிபிடி/ என்ற டைரக்டரிக்குள் அதே பெயரில் இருக்கும். வேறு டிஸ்ட்ரிபியூஷனுக்கான குறிப்பைப் பார்த்துப் புதிதாக ஒரு கோப்பை உருவாக்கி, சர்வர் அதைப் படிக்கவே இல்லை என்பது அடிக்கடி நடக்கிறது. திருத்தியதும் சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் விஎஸ்எஃப்டிபிடி.

எஸ்எஸ்எச்டியில் பூட்டு விழாவிட்டால் மேட்ச் வரி அந்தப் பயனரைப் பிடிக்கவில்லை என்று பொருள். ஐடி முத்து என்று தட்டி அவர் அந்தக் குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். பிறகு சர்வர் அவருக்கு உண்மையில் என்ன அமைப்பைக் கணக்கிடுகிறது என்று அதனிடமே கேளுங்கள்:

எஸ்எஸ்எச்டி -டி -சி யூசர்=முத்து,ஹோஸ்ட்=லோக்கல்ஹோஸ்ட்,ஆடர்=127.0.0.1

இங்கே டி, சி இரண்டும் பெரிய எழுத்து. வெளியீட்டில் சிஎச்ரூட்டைரக்டரி வரிக்கு எதிரே நன் என்று வந்தால் பூட்டு இல்லை. காரணம் பெரும்பாலும் மேலே இருக்கும் வேறொரு மேட்ச் தொகுதி. ஒரே அமைப்பு இரண்டு பொருந்தும் தொகுதிகளில் வந்தால் முதலில் வந்ததே செல்லும். எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி டைரக்டரியில் உள்ள கோப்புகள் டெபியன், உபுண்டுவில் மேலேயே இன்க்லூட் ஆகின்றன. அங்கே எழுதியது முந்திக்கொள்ளும்.

அறிகுறி: "500 ஊப்ஸ்: ரெஃப்யூசிங் டு ரன் வித் ரைட்டபிள் ரூட் இன்சைட் சிஎச்ரூட்"

விஎஸ்எஃப்டிபிடி மட்டும் தரும் செய்தி. பாஸ்வேர்டு சரியாக இருந்தால்தான் இது வரும். எனவே பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பது வீண். 2011-இல் வந்த 2.3.5 பதிப்பிலிருந்து, அடைபடும் டைரக்டரியில் பயனருக்கு எழுதும் உரிமை இருந்தால் இந்த சர்வர் ஓட மறுக்கிறது.

மறுப்பதற்குக் காரணம் உண்டு. சிஎச்ரூட் ஆன பிறகு சர்வர் நிரலுக்கும் அந்த டைரக்டரிதான் "/". அதில் பயனர் எழுதலாம் என்றால் தானே ஓர் இடிசி, ஒரு லிப் டைரக்டரியை உருவாக்கி, தான் விரும்பிய அமைப்புக் கோப்பையும் லைப்ரரியையும் அங்கே வைக்கலாம். ரூட் உரிமை இன்னும் மிச்சமிருக்கும் ஒரு ப்ராசஸ் அவற்றைப் படித்துவிட்டால் சர்வரே கைமாறிவிடும். சிறைச்சாவியைக் கைதியிடமே கொடுத்து வைப்பதுதான் இது.

சரியான தீர்வு (755 என்றால் சொந்தக்காரர் மட்டும் எழுதலாம்; மற்றவர்கள் படிக்கலாம், நுழையலாம்):

சிஎச்ஓன் ரூட்:ரூட் /ஹோம்/முத்து
சிஎச்மோட் 755 /ஹோம்/முத்து
எம்கேடிஐஆர் /ஹோம்/முத்து/அப்லோட்
சிஎச்ஓன் முத்து:முத்து /ஹோம்/முத்து/அப்லோட்

பல இடங்களில் சிஎச்மோட் ஏ-டபிள்யூ மட்டும் போடச் சொல்வார்கள். அது அரைகுறை. டைரக்டரி இன்னும் முத்துவுக்குச் சொந்தம் என்பதால் அவர் எஃப்டிபி வழியாகவே சைட் சிஎச்மோட் கட்டளையால் எழுதும் உரிமையைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்; விஎஸ்எஃப்டிபிடியில் அந்தக் கட்டளை இயல்பாகவே திறந்திருக்கிறது. அப்படிப் போட்டால் அடுத்த லாகினில் மறுபடி இதே 500. சொந்தக்காரரை மாற்றினால்தான் நிற்கும்.

ஹோம் டைரக்டரியை ரூட்டுக்கு மாற்ற முடியாத நிலை வரலாம். அதே பயனர் எஸ்எஸ்எச் ஷெல்லிலும் வேலை செய்கிறார், அங்கே பாஷ் ஹிஸ்டரி முதலியவை எழுதப்பட வேண்டும் என்றால், எஃப்டிபிக்கு மட்டும் வேறு இடம் கொடுங்கள்:

யூசர்_சப்_டோக்கன்=$யூசர்
லோக்கல்_ரூட்=/ஹோம்/$யூசர்/எஃப்டிபி

இந்த எஃப்டிபி டைரக்டரி ரூட்டுக்குச் சொந்தம், அனுமதி 755. அதற்குள் ஃபைல்ஸ் என்ற டைரக்டரி முத்துவுக்குச் சொந்தம். இரண்டு வரியிலும் யூசர் முழுவதும் பெரிய எழுத்து.

மூன்றாவது வழி அலவ்_ரைட்டபிள்_சிஎச்ரூட்=யெஸ். 2012-இல் வந்த 3.0.0-இல் சேர்ந்தது. ரைட்டபிள் என்பதில் ‘டி’க்குப் பின் ஓர் ‘இ’ உண்டு. அது விடுபட்டால் "அன்ரெகக்னைஸ்ட் வேரியபிள்" என்று சர்வர் கிளம்பாது. இந்த வரி செய்தியை மறைக்கிறது, மேலே சொன்ன ஆபத்தை நீக்குவதில்லை. வெளியாருக்குக் கணக்கு கொடுக்கும் சர்வரில் இதைப் போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து. நான்கு கட்டளையில் முடியும் வேலைக்கு இந்தக் குறுக்குவழி தேவையே இல்லை.

அறிகுறி: எஸ்எஃப்டிபியில் பாஸ்வேர்டு ஏற்கப்படுகிறது, உடனே இணைப்பு அறுந்துவிடுகிறது

கிளையன்டில் "ப்ரோக்கன் பைப்" அல்லது "கனெக்ஷன் ரீசெட் பை பியர்" என்று வரும். நெட்வொர்க், ஃபயர்வால் என்று தேடிப் போகாதீர்கள். சர்வர் லாகில் "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சிஎச்ரூட் டைரக்டரி" என்ற வரி காத்திருக்கும்.

எஸ்எஸ்எச்டியின் விதி விஎஸ்எஃப்டிபிடியைவிடக் கடுமையானது, அதை நிறுத்திவைக்கும் அமைப்பு வரியும் கிடையாது. "/" தொடங்கி சிஎச்ரூட் டைரக்டரி வரை வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரியும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். குழுவுக்கோ மற்றவர்க்கோ எழுதும் உரிமை இருக்கக் கூடாது. கடைசி டைரக்டரியை மட்டும் சரிசெய்துவிட்டு நடுவில் உள்ளதை விட்டுவிடுவதுதான் வழக்கமான தவறு. லாக் வரியில் "காம்போனென்ட்" என்ற சொல் வந்தால் அதையடுத்து மேற்கோளில் இருக்கும் பாதைதான் குற்றவாளி. மொத்தப் பாதையையும் ஒரே பார்வையில் பார்க்க:

நேம்ஐ -எல் /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி/முத்து

வெளியீட்டை எண்ணாக மாற்றிப் படித்தால் இப்படி இருக்கலாம்:

/ — 755, ரூட்
எஸ்ஆர்வி — 755, ரூட்
எஸ்எஃப்டிபி — 775, ரூட்
முத்து — 755, ரூட்

சொந்தக்காரர் நான்கிலும் ரூட். கடைசி டைரக்டரியும் ஒழுங்கு. மூன்றாவது வரியில் நடு இலக்கம் 7: குழுவுக்கு எழுதும் உரிமை. அதுதான் இணைப்பை அறுக்கிறது. சிஎச்மோட் 755 /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி என்றதும் லாகின் ஆகும். பதற்றத்தில் 777 போடுபவர்கள் இங்கே நிலைமையை இன்னும் மோசமாக்குகிறார்கள். அனுமதியைக் கூட்டக் கூட எஸ்எஸ்எச்டி மறுக்கும், குறைத்தால்தான் திறக்கும்.

குழுவுக்கு எழுதும் உரிமை நீங்கள் கொடுக்காமலே வந்திருக்கிறது என்றால் ஏசிஎல்லை (தனித்தனிப் பயனருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் அனுமதிப் பட்டியல்) சந்தேகியுங்கள். அந்த டைரக்டரியில் யாருக்காவது செட்எஃப்ஏசிஎல் மூலம் எழுதும் உரிமை கொடுத்திருந்தால், ஏசிஎல் மாஸ்க் குழு அனுமதியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். எஸ்எஸ்எச்டி அதை 775 என்றே படிக்கும். அனுமதியின் இறுதியில் ஒரு கூட்டல் குறி தெரிந்தால் இதுதான். செட்எஃப்ஏசிஎல் -பி போட்டு நீக்குங்கள். ஏசிஎல் வேண்டுமானால் உள்ளே இருக்கும் டைரக்டரியில் வையுங்கள்.

புதிதாக அமைப்பவர்களுக்கு எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்கில் தேவையானது இது. ஏற்கெனவே உள்ள சப்சிஸ்டம் வரியை மாற்றுங்கள், கூட ஒன்று சேர்க்காதீர்கள். இரண்டு இருந்தால் பல பதிப்புகளில் "ஆல்ரெடி டிஃபைண்ட்" என்று பிழை வரும்.

சப்சிஸ்டம் எஸ்எஃப்டிபி இன்டர்னல்-எஸ்எஃப்டிபி

கோப்பின் கடைசியில்:

மேட்ச் குரூப் எஸ்எஃப்டிபிஒன்லி
சிஎச்ரூட்டைரக்டரி /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி/%யு
ஃபோர்ஸ்கமாண்ட் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி -டி /அப்லோட்
டிசேபிள்ஃபார்வர்டிங் யெஸ்

%யு என்பது பயனர் பெயர். %எச் என்றால் பாஸ்வேர்டு கோப்பில் உள்ள அவருடைய ஹோம் டைரக்டரி. மூன்றாவது வரியில் உள்ள சிறிய எழுத்து டி, லாகின் ஆனதும் பயனரை நேராக அப்லோட் டைரக்டரியில் கொண்டுபோய் விடும். சிஎச்ரூட்டைரக்டரி 2008-இல் ஓப்பன்எஸ்எஸ்எச் 4.9-இலேயே வந்துவிட்டது. டிசேபிள்ஃபார்வர்டிங் 7.4 முதல், அதற்கு முந்தைய பதிப்பில் அலவ்டிசிபிஃபார்வர்டிங் நோ, எக்ஸ்11ஃபார்வர்டிங் நோ என்று தனித்தனியே எழுதுங்கள்.

சேமித்ததும் எஸ்எஸ்எச்டி -டி, இம்முறை சிறிய எழுத்து. ஒன்றும் சொல்லாமல் திரும்பினால் கோப்பில் இலக்கணப் பிழை இல்லை. அதன் பிறகே ரீலோட். அதுவரை கையில் உள்ள ரூட் இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய்து பார்த்த பிறகு மூடலாம்.

அறிகுறி: லாகின் ஆகிறது, "/பின்/பாஷ்: நோ சச் ஃபைல்" என்கிறது

ஃபோர்ஸ்கமாண்ட் வரி விடுபட்டிருக்கிறது, அல்லது சப்சிஸ்டம் இன்னும் வெளியே உள்ள எஸ்எஃப்டிபி-சர்வர் நிரலைக் காட்டுகிறது. சிஎச்ரூட் ஆன பிறகு பாஷும் கிடையாது, அந்த நிரலும் கிடையாது. பாஷையும் லைப்ரரிகளையும் உள்ளே நகலெடுத்து வைக்கும் பழைய முறைக்கு இன்று தேவையில்லை; மேலே உள்ள இரண்டு வரியும் இருந்தால் போதும். மாறாக "திஸ் சர்வீஸ் அலவ்ஸ் எஸ்எஃப்டிபி கனெக்ஷன்ஸ் ஒன்லி" என்று வந்தால் அது பிழையே அல்ல. யாரோ எஸ்எஸ்எச்சில் ஷெல் கேட்டிருக்கிறார்கள். பூட்டு வேலை செய்கிறது.

அறிகுறி: உள்ளே வந்தாயிற்று, கோப்பு ஏறவில்லை

எஸ்எஃப்டிபியில் "/"-இல் எழுத முயன்றால் "பெர்மிஷன் டினைட்" வரத்தான் செய்யும். அந்த இடம் ரூட்டுக்குச் சொந்தம். அப்லோட் டைரக்டரிக்குள் போய் ஏற்ற வேண்டும். பயனர் அதைக் கவனிக்காமல் மேல்மட்டத்திலேயே இழுத்துப் போடுவதைத் தவிர்க்கத்தான் மேலே டி /அப்லோட் சேர்த்தது.

விஎஸ்எஃப்டிபிடியில் பதில் எண்ணைக் கவனியுங்கள். "550 பெர்மிஷன் டினைட்" என்றால் சர்வர் அமைப்பே அந்தக் கட்டளையை மறுக்கிறது: ரைட்_எனேபிள் இயல்பாக நோ, அதை யெஸ் ஆக்க வேண்டும். "553 குட் நாட் க்ரியேட் ஃபைல்" என்றால் சர்வர் சம்மதித்துவிட்டது, கோப்பு முறைமை மறுக்கிறது: டைரக்டரியின் சொந்தக்காரர், அனுமதி, எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) மூன்றையும் பாருங்கள். எண்ணைப் பார்க்காமல் சிஎச்மோடில் கை வைத்தால் முதல் வகை ஒருநாளும் தீராது.

ஏறிய கோப்பை வெப் சர்வர் படிக்க மறுத்தால் காரணம் லோக்கல்_யுமாஸ்க் (புதுக் கோப்பின் அனுமதியிலிருந்து கழிக்கப்படும் எண்). விஎஸ்எஃப்டிபிடியில் எதுவும் எழுதாவிட்டால் 077. கோப்பு 600 ஆக வந்து உட்காரும். 022 ஆக்குங்கள். எஸ்எஃப்டிபியில் அதே வேலைக்கு இன்டர்னல்-எஸ்எஃப்டிபி வரியில் -யு 022 சேருங்கள்.

அறிகுறி: பாஸ்வேர்டு வேலை செய்கிறது, கீ வேலை செய்யவில்லை

கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் பயன்படும் சாவிக் கோப்பு) சரிபார்ப்பு நடப்பது சிஎச்ரூட்டுக்கு முன்னால். எனவே ஆத்தரைஸ்ட்_கீஸ் கோப்பின் பாதை வெளியிலிருந்து பார்க்கும் உண்மைப் பாதையாக இருக்க வேண்டும். உள்ளே இறங்கும் இடம் சரியாக வரட்டும் என்று யூசர்மாட் -டி /அப்லோட் முத்து என்று ஹோமை மாற்றியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்: எஸ்எஸ்எச்டி இப்போது உண்மையான /அப்லோட்/.எஸ்எஸ்எச் டைரக்டரியைத் தேடுகிறது, அப்படி ஒன்று கிடையாது.

கீயை ஹோமில் வைக்காமல் மேட்ச் தொகுதிக்குள்

ஆத்தரைஸ்ட்கீஸ்ஃபைல் /இடிசி/எஸ்எஸ்எச்/ஆத்தரைஸ்ட்_கீஸ்/%யு

என்று தனி இடத்தில் வைப்பது நல்லது. பயனர் தன் கீ பட்டியலைத் தானே மாற்ற முடியாது என்ற கூடுதல் பாதுகாப்பும் கிடைக்கிறது. கோப்பு ரூட்டுக்குச் சொந்தமாக இருக்கட்டும், அனுமதி 644. 600 போட்டால் வேலை செய்யாது, ஏனெனில் எஸ்எஸ்எச்டி அதைப் பயனரின் உரிமையில்தான் திறக்கிறது.

அறிகுறி: "530 லாகின் இன்கரெக்ட்", பாஸ்வேர்டு சரி என்று உறுதியாகத் தெரியும்

பாஸ்வேர்டு கேட்பதற்கு முன்பே "530 பெர்மிஷன் டினைட்" வந்தால் யூசர்_லிஸ்ட் கோப்பில் அந்தப் பெயர் இருக்கிறது. யூசர்லிஸ்ட்_டினை இயல்பாக யெஸ் என்பதால் பட்டியலில் உள்ளவர் மறுக்கப்படுவார். பாஸ்வேர்டு கொடுத்த பிறகு வந்தால் ஷெல்லைப் பாருங்கள். பாம் (லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் பகுதி) அமைப்பில் பாம்_ஷெல்ஸ் இருந்தால், பயனரின் ஷெல் /இடிசி/ஷெல்ஸ் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். பாதுகாப்புக்காக நோலாகின் ஆக்கியதும் எஃப்டிபி நின்றுபோவது இதனால்தான். நோலாகினின் முழுப் பாதையை அந்தக் கோப்பில் ஒரு வரியாகச் சேருங்கள். ப்ரோஎஃப்டிபிடியில் இதற்கு இணையானது ரிக்வயர்வேலிட்ஷெல் ஆஃப்.

அறிகுறி: சிம்லிங்க் தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை

சிஎச்ரூட் ஆன பிறகு சிம்லிங்க் (வேறொரு பாதையைச் சுட்டும் இணைப்பு) காட்டும் பாதை கூண்டின் "/"-இலிருந்து கணக்கிடப்படும். /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/சைட் என்று அது சுட்டினால் கூண்டுக்குள் அந்தப் பெயரில் ஏதாவது இருக்க வேண்டும், இருக்காது. அனுமதியை மாற்றிப் பயனில்லை. பைண்ட் மவுண்ட்தான் (ஒரு டைரக்டரியை இன்னோர் இடத்திலும் தெரியவைப்பது) வழி:

எம்கேடிஐஆர் /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி/முத்து/சைட்
மவுண்ட் --பைண்ட் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/சைட் /எஸ்ஆர்வி/எஸ்எஃப்டிபி/முத்து/சைட்

ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க /இடிசி/எஃப்எஸ்டேப் கோப்பில் அதே இரண்டு பாதை, பிறகு நன் பைண்ட் 0 0. படிக்க மட்டும் கொடுப்பதானால், மவுண்ட் ஆன பின் -ஓ ரீமவுண்ட்,ஆர்ஓ,பைண்ட் என்று இன்னொரு முறை. எழுதும் உரிமையை வெப் சர்வரோடு பகிர வேண்டும் என்றால் மூல டைரக்டரியில் செட்எஃப்ஏசிஎல் மூலம் முத்துவுக்கு உரிமை கொடுங்கள். புதிதாக வரும் கோப்புக்கும் பொருந்த டிஃபால்ட் ஏசிஎல்லும் தேவை.

இதில் ஒரு பெரும் ஆபத்து உண்டு. பைண்ட் மவுண்ட் இருக்கும்போது முத்துவின் டைரக்டரியை ஆர்எம் -ஆர்எஃப் செய்தால் வெப்சைட்டின் மூலக் கோப்புகளே அழியும். கணக்கை நீக்கும் முன் எப்போதும் யூமவுண்ட், எஃப்எஸ்டேப் வரி நீக்கம், பிறகு ஃபைண்ட்எம்என்டி போட்டு மிச்சம் ஏதுமில்லை என்று பார்த்தல், அதற்கப்புறம்தான் அழித்தல்.

அறிகுறி: மேட்ச் தொகுதி போட்டதும் வேறு அமைப்புகள் வேலை செய்யவில்லை

மேட்ச் வரிக்கு முடிவுக்குறி கிடையாது. அடுத்த மேட்ச் வரை, அல்லது கோப்பின் கடைசி வரை, எல்லா வரியும் அந்தத் தொகுதிக்கே சேரும். உள்ளே தள்ளி எழுதுவது கண்ணுக்கு அழகு மட்டுமே. நடுவில் போட்டிருந்தால் கடைசிக்கு நகர்த்துங்கள், அல்லது தொகுதி முடியும் இடத்தில் மேட்ச் ஆல் என்று எழுதுங்கள். "நாட் அலவ்ட் விதின் எ மேட்ச் பிளாக்" என்ற பிழையும் இதே காரணத்தால் வருவது.

அறிகுறி: எஸ்எஃப்டிபியில் யார் எதை ஏற்றினார், அழித்தார் என்பது லாகில் இல்லை

ஃபோர்ஸ்கமாண்ட் வரியில் -எல் இன்ஃபோ சேர்க்க வேண்டும். அதன் பிறகும் வரவில்லை என்றால் கூண்டுக்குள் /டெவ்/லாக் சாக்கெட் இல்லை. முத்துவின் சிஎச்ரூட்டுக்குள் டெவ் டைரக்டரியை ரூட் உரிமையில் உருவாக்கி, ஆர்சிஸ்லாக் அமைப்பில் $ஆட்யூனிக்ஸ்லிசன்சாக்கெட் வரியில் அந்த லாக் சாக்கெட்டின் முழுப் பாதையைக் கொடுத்து ஆர்சிஸ்லாகை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பட்டியலில் சொந்தக்காரர் பெயருக்குப் பதில் 1001 போன்ற எண் தெரிவதும் கூண்டுக்குள் பாஸ்வேர்டு கோப்பு இல்லாததால்தான். அதைச் சரிசெய்யத் தேவையில்லை.

மற்ற 500 ஊப்ஸ் செய்திகள்

"பேட் பூல் வேல்யூ": யெஸ் அல்லது நோவுக்குப் பின் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி. விஎஸ்எஃப்டிபிடி சமக்குறியின் இரு பக்கமும், வரியின் கடைசியிலும் இடைவெளியை ஏற்காது. "குட் நாட் ரீட் சிஎச்ரூட் லிஸ்ட் ஃபைல்": பட்டியலை இயக்கிவிட்டுக் கோப்பை உருவாக்கவில்லை, வெற்றுக் கோப்பு இருந்தாலும் போதும். "கேனாட் சேஞ்ச் டைரக்டரி": ஹோம் டைரக்டரியே இல்லை, அல்லது வழியில் ஒரு டைரக்டரியில் நுழையும் உரிமை இல்லை. இரண்டும் சரியென்றால் எஸ்இலினக்ஸ். ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட் என்று பார்த்து, கெட்எஸ்இபூல் -ஏ வெளியீட்டில் எஃப்டிபி பெயருள்ள பூலியன்களைப் பாருங்கள்; தேவையானதை செட்எஸ்இபூல் -பி மூலம் திறக்கலாம், அங்கே பி பெரிய எழுத்து. எஸ்இலினக்ஸை மொத்தமாக அணைத்துவிட்டுப் போவது தீர்வாகாது.

ப்ரோஎஃப்டிபிடி, ப்யூர்எஃப்டிபிடி, ஐஐஎஸ்

ப்ரோஎஃப்டிபிடியில் டிஃபால்ட்ரூட் ~ என்ற ஒரே வரி. ஒரு குழுவுக்கு விலக்கு வேண்டுமானால் அதன் பின் வியப்புக்குறியோடு குழுப் பெயர். வெர்ச்சுவல்ஹோஸ்ட்டில் பூட்டு விழவில்லை என்றால் அந்த வரியை குளோபல் பகுதிக்குள் கொண்டுபோங்கள். ப்யூர்எஃப்டிபிடியில் சிஎச்ரூட்எவ்ரிஒன் யெஸ்; டெபியன் வகையில் அந்தப் பெயரில் ஒரு கோப்பு, அதற்குள் யெஸ் என்ற சொல் மட்டும். ட்ரஸ்டட்ஜிஐடி குழுவில் உள்ளவர் அடைபட மாட்டார். யாராவது தப்பி உலாவினால் முதலில் அதைப் பாருங்கள்.

விண்டோஸின் சர்வரான ஐஐஎஸ்ஸில் யூசர் ஐசோலேஷனை இயக்கியதும் "530 யூசர் கேனாட் லாகின், ஹோம் டைரக்டரி இனாக்சசிபிள்" வந்தால் டைரக்டரி அமைப்பு தவறு. உள்ளூர்ப் பயனருக்கு எஃப்டிபி சைட்டின் மூல டைரக்டரிக்குள் லோக்கல்யூசர் என்று இடைவெளியில்லாமல் ஒன்று, அதற்குள் பயனர் பெயரிலேயே ஒன்று இருக்க வேண்டும். டொமைன் பயனருக்கு லோக்கல்யூசருக்குப் பதில் டொமைன் பெயர். பெயர் லாகின் பெயரோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்த வேண்டும். என்டிஎஃப்எஸ் அனுமதியும் தேவை.

கணக்கைக் கையளிக்கும் முன் சோதனை

வேறொரு கணினியிலிருந்து முத்துவாக லாகின் செய்து வரிசையாகப் பாருங்கள்: எல்எஸ் / என்றால் அப்லோட் மட்டும் தெரிய வேண்டும். சிடி .. பலமுறை கொடுத்தாலும் அதே இடம். கெட் /இடிசி/பாஸ்டபிள்யூடி கொடுத்தால் கோப்பு கிடைக்கக் கூடாது (எஸ்எஃப்டிபியில் "நாட் ஃபவுண்ட்" என்று வரும்). அப்லோடில் ஒரு கோப்பு ஏற வேண்டும், பெயர் மாற வேண்டும், அழிய வேண்டும். போர்ட் 21, 22 இரண்டிலும் இதையே செய்யுங்கள்.

பலரும் விட்டுவிடும் சோதனை இன்னொன்று. கோப்புப் பக்கம் முழுக்க அடைத்திருந்தாலும் எஸ்எஸ்எச் டனல் (எஸ்எஸ்எச் வழியே சர்வரின் வேறு போர்ட்டுகளை அடையும் பாதை) திறந்திருக்கலாம். ஃபோர்ஸ்கமாண்ட் அதைத் தடுப்பதில்லை. முத்துவின் கணக்கில்

எஸ்எஸ்எச் -என் -எல் 3307:127.0.0.1:3306 முத்து@சர்வர்

என்று இணைத்து (இரண்டும் பெரிய எழுத்து), அந்த 3307 வழியே சர்வரில் உள்ள டேட்டாபேஸைத் தொட முயலுங்கள். டேட்டாபேஸ் பதில் சொன்னால், உள்ளூர் இணைப்பை மட்டும் ஏற்கும் அந்த டேட்டாபேஸுக்கு முத்து உள்ளூர்க்காரர் ஆகிவிட்டார். டிசேபிள்ஃபார்வர்டிங் வரி மேட்ச் தொகுதிக்குள் இருக்கிறதா என்று பெரிய எழுத்து டி கட்டளையால் பாருங்கள். வரியைச் சேர்த்து ரீலோட் செய்த பின்னும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு பழைய அமைப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். அதைத் துண்டித்துவிட்டு மறுபடி சோதியுங்கள்.